நாலு மாடி இறங்கிய தட்டு

வாரத்தில் ஆறு நாள் நின்றுகொண்டே வேலை செய்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் உட்காருவதுதான். கடைக்குப் போவதோ, உறவினர் வீட்டுக்குப் போவதோ, சினிமாவோ எதுவும் வேண்டாம். நாற்காலியில் உட்கார வேண்டும். எதிரே இன்னொரு நாற்காலியைப் போட்டு அதில் காலை நீட்ட வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஆசை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துவைத்து வரும் படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறுமுனையை இன்னொருத்தி பிடிப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து உதறி, இழுத்து, சுருக்கமில்லாமல் சூட்டு உருளைக்குள் ஊட்டிவிட வேண்டும். விரல் ஒரு அங்குலம் கூடுதலாக உள்ளே போனால் தொலைந்தது. ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. மாலையில் வீட்டுக்கு வந்தால் இங்கே மனிதர்களுக்கு ஊட்ட வேண்டும்.

அதனால்தான் அவள் இந்த ஓவன் கறியைப் பிடித்துக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. களைப்புதான் கற்றுக்கொடுத்தது. இறைச்சியையும் கிழங்குகளையும் ஒரே தட்டில் அடுக்கி உள்ளே தள்ளிவிட்டால் மூன்று மணி நேரம் அது தன்பாட்டுக்கு வேகும். கிளற வேண்டியதில்லை, பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. அந்த மூன்று மணி நேரம் முழுக்க அவளுடையது. மிச்சமானதை மறுநாளும் சுட வைத்துப் போடலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒன்பது மணிக்கே ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். அன்று அவருக்குக் காலை ஷிஃப்ட், இரண்டு மணிக்குத்தான் வருவார். பத்தாவது படிக்கும் மகள் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு முணுமுணுப்பாகப் படித்துக்கொண்டிருந்தாள். முணுமுணுப்பாக ஏன் என்றால், கூடத்து சோபாவில் சித்தப்பா படுத்திருந்தான்.

சித்தப்பா என்றால் இஸ்திரி அக்காவின் கொழுந்தன். லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன்னால் அவனுடைய மனைவி, வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிப் போனவள், இனி வரமாட்டேன் என்று அங்கிருந்து எழுதிவிட்டாள். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. மறுவாரம் வீட்டுக்காரர் தம்பியை ஒரு பையோடு கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அந்த இரண்டு நாள்தான் எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

கெட்டவன் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது. வேலைக்குப் போவான், வருவான், சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். எதுவும் கேட்கமாட்டான். அதுதான் கஷ்டம். கேட்டால் கொடுக்கலாம், இல்லை என்றாவது சொல்லலாம். கேட்காத மனிதனை என்ன செய்வது? சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாய், அதிகம் போனால் மூன்று. பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பசிக்கல அண்ணி" என்பான். அவளும் மாற்றி மாற்றிச் சமைத்துப் பார்த்துவிட்டாள். அவன் தள்ளி வைத்த தட்டுகளை எல்லாம் அடுக்கினால் கூரையைத் தொடும்.

ஆட்டுத் தோள் இறைச்சியை எலும்போடு பெரிய துண்டுகளாக வெட்டி வாங்கியிருந்தாள். உப்பும் மிளகும் போட்டுப் பிசறி, மாவில் புரட்டி, கனமான வாணலியில் நான்கு பக்கமும் சிவக்க வறுத்தாள். அந்த எண்ணெயிலேயே வெங்காயமும் பூண்டும் வதங்கின. கேரட், டர்னிப், பீட்ரூட் மூன்றையும் தோல் சீவிக் கட்டைவிரல் கனத்துக்கு நறுக்கினாள். பீட்ரூட் நறுக்கிய கை, காயம் பட்ட கை மாதிரி இருந்தது. ஆழமான இரும்புத் தட்டில் அடியில் கிழங்கு, மேலே கறி, மறுபடி கிழங்கு. வாணலியில் தண்ணீர் விட்டு அடியில் ஒட்டியிருந்ததை எல்லாம் சுரண்டிக் கொதிக்க வைத்து மேலே ஊற்றினாள். கடைசியாக உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி வட்டமாக அடுக்கினாள். ஈயத்தாளால் இறுக்கி மூடினாள். ஓவனுக்குள் தள்ளும்போது மணி பத்தேகால்.

நாற்காலியைப் போட்டாள். எதிரே இன்னொன்றைப் போட்டாள். காலை நீட்டினாள். கணுக்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. கண் தானாக மூடியது.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். 'டப்' என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் ஓவன் விளக்கு அணைந்து கிடந்தது. எழுந்து போய்த் திறந்தாள், மூடினாள், குமிழைத் திருகினாள், பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினாள். ஒன்றும் இல்லை. கருகிய ஒயர் வாடை மட்டும் வந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. ஓவனுக்காக யாராவது அழுவார்களா? அவளுக்கு வந்தது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

"தள்ளுங்க அண்ணி."

திரும்பினால் கொழுந்தன். தலை கலைந்து, ஒரு கன்னத்தில் சோபாத் துணியின் வரி பதிந்து நின்றுகொண்டிருந்தான். கையில் டெஸ்டர். ஓவனை முன்னால் இழுத்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தான்.

"உள்ள சூடாக்கற காயில் கம்பி போயிடுச்சு. புதுசு மாத்தணும். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கடை இருக்காது."

"அப்ப இது?" அவள் தட்டைக் காட்டினாள். கறி பச்சையும் இல்லை, வேகவும் இல்லை. "இத்தனையையும் அடுப்புல வச்சு வேக வைக்க எந்தப் பாத்திரம் இருக்கு நம்மகிட்ட?"

அவன் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தான். "கீழ தெருமுனை பேக்கரில கேட்டுப் பாக்கலாமா? காலைல ரொட்டி போட்டு முடிச்சாலும் அந்த செங்கல் அடுப்புல சாயங்காலம் வரைக்கும் சூடு இருக்கும்."

எட்டு மாதத்தில் அவன் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. மறுக்கத் தோன்றவில்லை.

அவர்கள் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் மூன்று வாரமாக ஓடவில்லை. வீட்டில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை வைத்துக்கொண்டு படி ஏறுகிற குடும்பம் என்று அந்தக் கட்டடம் முழுக்கச் சிரிப்பு. "அது எங்க கம்பெனி லிஃப்ட் இல்ல அண்ணி, நாங்க தொடக்கூடாது" என்று அவன் ஒருமுறை விளக்கம் சொல்லியிருந்தான். சூடான தட்டைத் துண்டால் சுற்றி ஆளுக்கு ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். விரிப்புக்கு இரண்டு முனை பிடித்துப் பழகியவள் அவள். அவனோ பக்கவாட்டாக, ஒவ்வொரு படியாகக் காலால் துழாவித் துழாவி இறங்கினான். திருப்பத்துக்குத் திருப்பம் கீழே வைத்து மூச்சு வாங்கினார்கள். இரண்டாவது மாடியில் குழம்பு ஓரமாக வழிந்து அவன் சட்டையில் கொட்டியது. "ஐயோ சுட்டுடுச்சா?" என்று அவள் பதறினாள். "இல்ல. வாசனை நல்லா இருக்கு" என்றான்.

பேக்கரிக்காரர் முன்கையெல்லாம் மாவாக, ஸ்டூலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன்னாலிருந்து நிற்கிறவர். விஷயத்தைக் கேட்டதும் தட்டை மோந்து பார்த்தார்.

"தள்ளுங்க உள்ள. அடுப்பு சும்மாதான் கிடக்கு. ஆனா ஒண்ணு, நான் தூங்கப் போறேன். தீப்பிடிச்சா மட்டும் எழுப்புங்க."

நீளமான மரத்துடுப்பால் தட்டை அடுப்பின் ஆழத்துக்குத் தள்ளிவிட்டு, இரும்புக் கதவைச் சாத்தினார். பிறகு மூலையில் இருந்த சாய்வு நாற்காலியில் விழுந்தார். இரண்டு நிமிடத்தில் குறட்டை.

"நீங்க மேல போங்க தம்பி. நான் பாத்துக்கறேன்."

"நாலு மாடி ஏறி மறுபடி இறங்கணும். இங்கயே இருக்கேன்."

அவள் கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். அவன் மாவு மூட்டையில் சாய்ந்து நின்றான். உள்ளே கதகதப்பாக இருந்தது. வெளியே தெருவில் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவள், தன்னை அறியாமலே சொன்னாள்.

"இதையும் ரெண்டு வாய் சாப்பிட்டுத் தள்ளி வச்சிடாதீங்க."

அவன் அடுப்புக் கதவையே பார்த்தான். சரி, வழக்கம்போலத்தான் என்று அவள் நினைத்தபோது, "பாக்காம இருந்தீங்கன்னா சாப்பிடுவேன்" என்றான்.

"என்னது?"

"நான் கையை வாய்க்குக் கொண்டுபோறப்ப நீங்க மூணு பேரும் நிறுத்திட்டுப் பாக்கறீங்க அண்ணி. அண்ணன் பாக்கறாரு. பாப்பா கூடப் பாக்குது. பரீட்சை எழுதற மாதிரி இருக்கு. இறங்க மாட்டேங்குது."

அவளுக்குச் சுருக்கென்றது. பார்ப்பது உண்மைதான். பார்க்காமல் எப்படி இருப்பது? சாப்பிடுகிறானா இல்லையா என்று அவள் பார்க்காவிட்டால் யார் பார்ப்பார்கள்? ஆறு நாள் நின்ற காலோடு ஏழாவது நாளும் நிற்பது யாருக்காக? அப்படியெல்லாம் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"தம்பி, நீங்க எப்ப போவீங்க?"

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். எட்டு மாதமாகத் தொண்டைக்குள் வைத்திருந்த கேள்வி. வீட்டுக்காரரிடம்கூடக் கேட்டதில்லை. கேட்டுவிட்டாள், அதுவும் அவனிடமே. முகம் சூடேறியது.

"நான் அப்படிச் சொல்ல வரல..."

"இல்ல, சரியாத்தான் கேட்டீங்க." அவன் கால்சட்டைப் பையில் கை விட்டான். ஒரு வளையம் நிறையச் சாவிகள் வந்தன. லிஃப்ட் கதவுகளைத் திறக்கும் நீட்டுச் சாவிகளுக்கு நடுவே ஒரு சின்னப் பித்தளைச் சாவியைத் தனியே பிரித்துக் காட்டினான். "ரூம் பாத்துட்டேன். வேலை செய்யற இடத்துக்குப் பக்கத்துலயே. ஜன்னல் எல்லாம் இருக்கு."

"எப்ப?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

இஸ்திரி அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "ரெண்டு மாசமா? ரெண்டு மாசமா சாவிய பையில வச்சுக்கிட்டா எங்க சோபாவுல படுத்திருக்கீங்க?"

குறட்டை ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள். ஆனால் நிறுத்தவில்லை.

"பாப்பா பாத்ரூம்ல உக்காந்து பாடம் படிக்குது தெரியுமா? சத்தம் போட்டுப் படிச்சா உங்களுக்குத் தொந்தரவுன்னு. ஒன்பது மணியானா விளக்க அணைச்சிடறோம். டிவி போட்டு எத்தனை நாளாச்சு. நீங்க தூங்கறீங்கன்னு நான் என் வீட்டுலயே திருடி மாதிரி அடியெடுத்து நடக்கறேன்!"

"நான் தூங்கல அண்ணி."

"என்ன தூங்கல?"

"ஒன்பது மணிக்கு எவனுக்குத் தூக்கம் வரும்? நான் முழிச்சிருந்தா நீங்க எல்லாரும் என்கூடப் பேசணுமேன்னு கஷ்டப்படறீங்க. அதான் கண்ணை மூடிக்குவேன். அப்பவாவது நிம்மதியா நடமாடுவீங்களேன்னு."

அவள் மறுபடி பெட்டியில் உட்கார்ந்தாள். உட்காரவில்லை, விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

"அப்ப ஏன் போகல?"

"அண்ணன்தான் சொன்னாரு. நான் போயிட்டா நீங்க உடைஞ்சு போயிடுவீங்களாம். நம்ம சமையல் பிடிக்காமத்தான் போயிட்டான்னு மனசுக்குள்ளயே வச்சுக் குமைவீங்களாம்."

"என்கிட்ட வேற சொன்னாரு" என்றாள் அவள் மெதுவாக. "நீங்க தனியா இருந்தா தாங்க மாட்டீங்கன்னாரு. ஒரு நாளைக்கு ஒருவேளையாவது நம்ம கையால சாப்பிடணும்னாரு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேருமே அடுப்பின் இரும்புக் கதவைப் பார்த்தார்கள். பதில் சொல்ல வேண்டிய பஸ் ஓட்டுநர் அங்கே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் களைச்சுப் போயிட்டேன் தம்பி" என்றாள். அதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை, ஆனால் எடை எவ்வளவு என்று தெரிந்தது.

"தெரியும்" என்றான் அவன். "தினமும் நீங்க சாவி போட்டுக் கதவத் திறந்ததும் கொஞ்ச நேரம் வாசல்லயே நிப்பீங்க. உள்ள வரமாட்டீங்க. கண்ணை மூடியிருந்தாலும் கேக்கும்."

அவள் சுவரில் தலையைச் சாய்த்து அரைத்தூக்கத்தில் இருந்தாள். அவன் ஒருமுறை கதவைத் திறந்து ஈயத்தாளை எடுத்துவிட்டு மறுபடி சாத்தினான். மேல்புறம் சிவக்க வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்றே முக்காலுக்குத் தட்டை வெளியே இழுத்தார்கள். ஓரத்து உருளைக்கிழங்கு நன்றாகவே கருகியிருந்தது. நடுவில் பொன்னிறம். குழம்பு ஓரங்களில் கொப்புளித்துக்கொண்டிருந்தது. வாசனைக்குப் பேக்கரிக்காரர் தானாக எழுந்துவிட்டார். அவருக்கு ஒரு கிண்ணம் நிறைய எடுத்து வைத்தாள். "எலும்பு கழண்டு வருது பாருங்க" என்று அவர் கரண்டியால் காட்டினார், தானே சமைத்த மாதிரி.

நாலு மாடி ஏறிய கதையைச் சொல்லாமல் விட்டுவிடலாம்.

வீட்டுக்காரர் சீருடையைக்கூட மாற்றாமல் கதவருகே நின்றுகொண்டிருந்தார். வீட்டில் மகளைத் தவிர யாரும் இல்லாதது அவரை உலுக்கியிருக்க வேண்டும். "எங்க போனீங்க ரெண்டு பேரும்? இவன் போன் வேற சோபாவுல கிடக்கு" என்றார்.

சாப்பிட உட்கார்ந்ததும் இஸ்திரி அக்கா நேராகவே கேட்டாள். "தம்பி ரூம் பாத்தது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தட்டைப் பார்த்தார். "தெரியும்."

"என்கிட்ட ஒண்ணு, அவர்கிட்ட ஒண்ணு சொல்லி வச்சிருக்கீங்க."

கொஞ்ச நேரம் அவர் கரண்டியால் ஒரு டர்னிப் துண்டை இங்குமங்கும் தள்ளினார். பிறகு தம்பியைப் பார்க்காமல், மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"இவனை இங்க கூட்டிட்டு வந்த அன்னிக்கு, போன் எடுக்கலன்னு நான் இவன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே கிடந்துது. இவன் தரையில உக்காந்திருந்தான். ரெண்டு நாளா வெறும் தண்ணி. என்னைப் பாத்து, 'யாரு'ன்னு கேட்டான். சொந்தத் தம்பி என்னை யாருன்னு கேட்டான். அதை நான் உன்கிட்ட சொல்லல. இப்பவும் பஸ் ஓட்டறப்ப போன் அடிச்சா ஓரமா நிறுத்தி யாருன்னு பாக்கறேன். இங்க இருந்தான்னா, யாரோ ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கீங்கன்னு எனக்கு ஒரு தைரியம். அவ்வளவுதான்."

மகள் கரண்டியை வைத்துவிட்டாள். இஸ்திரி அக்காவுக்கு அவர்மேல் வைத்திருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு நின்றதில் ஒருவருக்கும் கை ஓயவில்லை என்று மட்டும் புரிந்தது.

"அது அப்ப அண்ணா" என்றான் கொழுந்தன். "அன்னிக்கு யாருன்னு கேட்டது எனக்கும் ஞாபகம் இருக்கு. இப்ப தெரியுது, யாருன்னு."

இஸ்திரி அக்கா தன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். மகளின் காலை மேசைக்கு அடியில் மெல்ல உதைத்தாள், அவளும் குனிந்தாள். கறி குழைவாக வெந்திருந்தது; செங்கல் அடுப்பின் புகை வாசம் லேசாக ஏறியிருந்தது. கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. நிமிர்ந்து பார்க்காமல் இருப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

கடைசியில் தட்டுகளை எடுக்கும்போதுதான் பார்த்தாள். கறி இல்லை, கேரட் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. பீட்ரூட் மட்டும் ஓரத்தில் வரிசையாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

"இது என்ன தம்பி?"

"பீட்ரூட் எனக்குப் பிடிக்காது அண்ணி. சின்ன வயசுலேருந்தே."

"எட்டு மாசமா வாரத்துக்கு ரெண்டு நாள் பீட்ரூட் போடறேன்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உடம்புக்கு நல்லதுன்னு சொன்னீங்க."

முதலில் மகள்தான் சிரித்தாள். பிறகு வீட்டுக்காரர் சிரித்தார், சிரிப்பா இருமலா என்று தெரியாதபடி. இஸ்திரி அக்கா சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பதற்குக்கூட அலுப்பாக இருந்தது. ஆனால் அந்தப் பீட்ரூட் துண்டுகளைக் குப்பையில் தள்ளும்போது மனசு லேசாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவன் போனான். வந்தபோது இருந்த அதே ஒரு பை, கூட ஒரு தலையணை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு போன் பண்ண வேண்டும் என்பது அண்ணன் போட்ட நிபந்தனை. அண்ணன் பஸ்ஸில் இருந்தால் அண்ணிக்குப் பண்ண வேண்டும். அவன் தலையாட்டினான். வீட்டுக்காரர் அவனோடு கீழே இறங்கிப் போய், அவன் பஸ் ஏறி, அந்த பஸ் திரும்பி மறையும் வரை நின்றுவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு போன் அடித்தது. இஸ்திரி அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, படுக்கையறைக் கட்டிலில் செருப்போடு சாய்ந்திருந்தாள். கூடத்தில் மகள் உரத்த குரலில் ஏதோ பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உருளைக்கிழங்க எவ்வளவு நேரம் வேக வைக்கணும்?"

"நேரம் எல்லாம் கிடையாது தம்பி. கத்தியால குத்திப் பாருங்க. தடையில்லாம இறங்கணும்."

"குத்தினேன். பாதி வரைக்கும் போகுது."

"அப்ப இன்னும் வேகட்டும்."

"தண்ணி போதுமா? மூடி போடணுமா?" அடுப்பு சீறும் சத்தமும், அவன் எதையோ தட்டிவிட்டு எடுக்கும் சத்தமும் கேட்டன. "அப்புறம் உப்பு, அது முன்னாடியே போடணுமா, இல்ல வெந்ததுக்கு அப்புறமா?"

முன்னாடியே, என்று சொல்லத்தான் நினைத்தாள். போன் காதோடு இருந்தது. அவன் மறுபடி ஒருமுறை, கொஞ்சம் சத்தமாக, "அண்ணி?" என்றான். அது அவளுக்கு எங்கோ தூரத்திலிருந்து கேட்டது. அடுத்த கணம் அவள் தூங்கிப்போனாள்.